மூட்டையின் கதை

மோட்டார் சைக்கிள்ல கூடாரத்தைக் கட்டிக்கிட்டு நாடு சுத்தறவங்களைப் பத்திப் பேச்சு வந்தா, எல்லாரும் வண்டியைத்தான் பார்ப்பாங்க. எத்தனை சிசி, எவ்வளவு மைலேஜ், இப்படி. எனக்கு என்னவோ பின்சீட்டு மூட்டை மேலதான் கண்ணு போகும். அந்த மூட்டைக்குன்னு ஒரு சரித்திரம் இருக்கு மக்களே. அது மோட்டார் சைக்கிள்ல ஆரம்பிக்கலை, சாதா மிதிவண்டியில ஆரம்பிச்சது.

லண்டன்ல தாமஸ் ஹைரம் ஹோல்டிங்னு ஒரு தையல்காரர். சின்னப் பையனா இருந்தப்ப, 1853-ல், பெற்றோரோட அமெரிக்கப் புல்வெளிகளை வண்டிக் கூட்டத்தோட கடந்தவர். வீட்டையே வண்டியில ஏத்திக்கிட்டுப் போற பயணம் அது. பெரியவரானதும் அவர் செஞ்சது நேர் எதிர். கூடாரம், அடுப்பு, படுக்கை எல்லாத்தையும் சைக்கிள்ல கட்டிக்கிட்டு அயர்லாந்தைச் சுத்திட்டு வந்து, 1898-ல் அதைப் பத்திப் புத்தகம் போட்டார். 1901-ல் சைக்கிள் முகாம்காரர்களுக்குன்னு ஒரு சங்கமே உருவாச்சு. 1908-ல் முகாம் கையேடு ஒண்ணு எழுதினார். தையல்காரர் இல்லையா, பட்டுத்துணியில கூடாரம் தைச்சா எடை எவ்வளவு குறையும்னு அவருக்குத் தெரியும். மண்ணெண்ணெய் அடுப்பு பிரைமஸ் ஏற்கெனவே 1892-ல் ஸ்வீடன்ல வந்தாச்சு. (நம்ம வீட்டு பம்பு ஸ்டவ்வோட சொந்தக்காரர்தான்.)

இவ்வளவு யோசிச்சு எடையைக் குறைச்சதுக்குக் காரணம் எளிமை. சுமக்கறது சொந்தக் காலு. ஒரு கிலோ கூடினா முதல் மேட்டுலயே முழங்கால் சொல்லிடும்.

மோட்டார் சைக்கிள் வந்ததும் இந்தப் பாடம் மறந்து போச்சு. எஞ்சின்தானே இழுக்குது! "இதையும் வச்சுக்கலாம், அதையும் வச்சுக்கலாம்"னு ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க. எஞ்சின் முணுமுணுக்காது. ஆனா சட்டமும் சக்கரமும் டயரும் கணக்கு வச்சுக்கும்.

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் தெரசா வாலக், ஃப்ளாரன்ஸ் பிளென்கிரன்னு ரெண்டு இங்கிலாந்துப் பெண்கள். ரெண்டு பேருமே கைதேர்ந்த ஓட்டிகள். புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்துல மணிக்கு 100 மைல் தாண்டினா தங்க நட்சத்திரம் குடுப்பாங்க. பெண்கள்ல முதல்ல அதை வாங்கினவர் பிளென்கிரன், 1934-ல். அதே வருஷம் டிசம்பர்ல லண்டன்லேர்ந்து கேப்டவுனுக்குக் கிளம்பிட்டாங்க. வண்டி 600 சிசி பாந்தர், ஒத்தை சிலிண்டர். அதுக்குப் பக்கத்துல சைடுகார். போதாதுன்னு பின்னால ஒரு ட்ரெய்லர்!

சஹாரா மணல்ல இந்த ரயிலை இழுக்கறதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. புதையும், தோண்டணும், தள்ளணும், மறுபடி புதையும். இத்தனை சாமான் ஏத்தினவங்க கிட்ட திசைகாட்டி மட்டும் இல்லை :-) கடைசியில எஞ்சின் படுத்துது. நைஜர்ல அகடெஸ் ஊர்ல அதைப் பிரிச்சு மேஞ்சு திரும்பக் கோர்க்க வேண்டியதாச்சு. ஆனாலும் 1935 ஜூலையில கேப்டவுன் போய்ச் சேர்ந்துட்டாங்க. குறை சொல்லலை, கும்பிடத்தான் தோணுது. ஆனா ட்ரெய்லர் இல்லாம போயிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நினைக்காம இருக்க முடியலை.

நம்ம ஊர் புல்லட்டுக்கு 'லடாக் கேரியர்'னு பின்சக்கரத்தோட ரெண்டு பக்கமும் இரும்புச் சட்டம் மாட்டறோம் பாருங்க, அங்கேயும் இதே கதைதான். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. ஒரு பக்கம் மட்டும் 10 லிட்டர் கேன் தொங்கினா ஏழரை கிலோ சாய்மானம். எதிர்ப் பக்கம் எதையாவது வச்சு ஈடுகட்டினாலும், பெட்ரோலை டேங்குல ஊத்தினதும் சமநிலை மாறிடும். ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு லிட்டரா வச்சு, மாத்தி மாத்தி ஊத்தறதுதான் புத்திசாலித்தனம். கனமான சாமான், அதாவது டூல்ஸ், ஸ்பேர், அரிசி, பருப்பு எல்லாம் தாழ்வா, முடிஞ்ச அளவு முன்னால, ஓட்டறவர் உடம்பை ஒட்டி இருக்கணும். பின் அச்சைத் தாண்டிப் பின்னாடி போனா முன்சக்கரம் லேசாகி, வேகத்துல ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். உயிர் போற விஷயம் இது. கூடாரம், தூங்கும் பை மாதிரி ஊதினாப்பல இருந்தாலும் எடையில்லாததை மட்டும் மேல குறுக்கா கட்டலாம்.

அலுமினியப் பெட்டிக்கு வருவோம். எல்ஸ்பெத் பியர்ட்னு லண்டன்ல கட்டடக்கலை படிச்ச பொண்ணு, 1982-ல் பழைய பிஎம்டபிள்யூ ஆர்60/6 வண்டியில உலகம் சுத்தக் கிளம்பினார். சிட்னியில சில மாசம் வேலை பார்த்தப்ப, பூட்டு வச்ச அலுமினியப் பெட்டிகளைத் தானே செஞ்சு வண்டியில மாட்டிக்கிட்டார். பினாங்குலேர்ந்து கப்பல்ல நம்ம மெட்ராஸுக்கும் வந்திருக்கார். 1984-ல் ஊர் திரும்பினார். தனியாப் போற பெண்ணுக்குப் பூட்டு எவ்வளவு பெரிய நிம்மதின்னு சொல்லவே வேண்டாம். இன்னிக்கு ஷோரூம்ல பளபளன்னு விக்கற பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

ஆனா பெட்டியே தனி எடை. மண் ரோட்டுல விழுந்தா கால் அதுக்கு அடியில மாட்டி எலும்பு முறியவும் வாய்ப்பிருக்கு. அதனால இப்ப காட்டு வழி போறவங்கள்ல நிறைய பேர் பெட்டியைக் கழட்டி வச்சுட்டு, தண்ணி புகாத துணிப்பைக்கு மாறிட்டாங்க. மறுபடியும் தையல்காரர் கைக்கே வேலை வந்திருக்கு.