மீனுக்கும் ரத்தசோகை

முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்த்தவன் நான். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஒரு முனையை அடைத்து, மெஷினில் ஐந்து நிமிஷம் சுற்றவிட்டால் சிவப்பணுக்கள் அடியில் படிந்துவிடும். மேலே மஞ்சள் நீர் நிற்கும். மொத்தத்தில் சிவப்பு எத்தனை சதவீதம் என்பதுதான் பி.சி.வி. உங்கள் ரிப்போர்ட்டிலும் அந்த மூன்று எழுத்து இருந்திருக்கும். அதே குழாய் மீன் பண்ணைகளிலும் பெரிய வேலை செய்திருக்கிறது என்பதை ஓய்வுபெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நார்வே நாட்டில் கடலுக்குள் வலைக்கூண்டு கட்டி சால்மன் மீன் வளர்க்கிறார்கள். 1984-ல் அங்கே ஒரு புது நோய் வந்தது. மீன்கள் சோர்ந்து செத்தன. சிவந்திருக்க வேண்டிய செவுள் வெளிறிப்போயிருந்தது, கல்லீரல் கறுத்திருந்தது. நல்ல சால்மனுக்கு பி.சி.வி. 40-க்கு மேல் இருக்கும். நோய் முற்றிய மீன்களுக்கோ 10-க்கும் கீழே! அதனால்தான் 'தொற்று சால்மன் ரத்தசோகை' என்று பெயர் வைத்தார்கள்.

மீனிடம் ரத்தம் எடுப்பது சுலபமில்லை. மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விட்டு, வால் பக்கம் முதுகெலும்புக்குக் கீழே ஓடும் நாளத்தில் ஊசி போட வேண்டும். தாமதித்தால் மீன் துள்ளித் தவித்து, ரத்தத்தின் அளவுகளே மாறிவிடும். இன்னொரு சங்கதி: நம் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, மீனுக்கு உண்டு. ஆகவே மனித ரத்தத்துக்கென்று செய்த எண்ணும் மெஷின் அங்கே குழம்பிவிடும். பழைய குழாய் மட்டும் நமக்கும் மீனுக்கும் ஒன்றுபோல் வேலை செய்யும்.

ரத்தம் குறைந்தது தெரிந்தது, காரணம் தெரியவில்லை. வைரஸாக இருக்கும் என்று நினைத்தார்கள். ஆனால் அதை லேபில் வளர்த்துக் காட்ட 1995 வரை ஆயிற்று. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1988-ல் இந்த நோயைக் கண்டால் அரசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றார்கள். மீன் வெட்டும் இடத்துக் கழிவையும் ரத்தத் தண்ணீரையும் கிருமி நீக்கிய பிறகே வெளியே விட்டார்கள். குஞ்சுப் பண்ணைக்குக் கடல்நீரை அப்படியே விடுவதை நிறுத்தினார்கள். வெவ்வேறு வயது மீன்களைத் தனித்தனி இடத்தில் வளர்த்தார்கள். 1990 வாக்கில் உச்சத்தில் இருந்த நோய், வைரஸ் கைக்குக் கிடைப்பதற்கு முன்பே வெகுவாக அடங்கிவிட்டது.

2007-ல் அதே நோய் சிலி நாட்டுக்கு வந்தது. அங்கே பண்ணைகள் நெருக்கமாக இருந்தன. மூன்றே வருஷத்தில் அந்த வகை சால்மன் உற்பத்தி பாதிக்கும் கீழே விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு அம்மாவின் ஞாபகம் வந்தது. நாற்று நடப் போகிறவர். ஹீமோகுளோபின் 5. மூன்று தடவை எங்கள் லேபுக்கு வந்தார். மூன்று தடவையும் எண்ணை எழுதிக் கொடுத்தேன். சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். இயோசினோஃபில் அணுக்கள் கூடுதலாக இருந்ததை மைக்ராஸ்கோப்பில் நானே பார்த்தேன். அதையும் எண்ணாக எழுதினேனே தவிர, யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. நாலாவது தடவை வேறொரு டாக்டர் மலப் பரிசோதனை எழுதினார். கொக்கிப்புழு! வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறவருக்குக் கால் வழியாக ஏறிய புழு, குடலில் இருந்து ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

ரத்தம் குறைந்திருக்கிறது என்றுதான் குழாய் சொல்லும். எந்த வழியாகப் போகிறது என்பதை நாம்தான் தேட வேண்டும். நார்வேக்காரர்கள் மீனுக்காக அதைத் தேடினார்கள். நான் அந்த அம்மாவுக்காகத் தேடவில்லை.