மறிப்பவன்

சடுகுடு ஆட்டத்தில் இரண்டு வகை மனிதர்கள் உண்டு. பாடிப் போகிறவன் ஒருவன். அவனை மறித்துப் பிடிக்கிறவர்கள் மற்றவர்கள். எங்கள் தலத்தெருப் பக்கம் பொங்கலை ஒட்டி ஆட்டம் நடக்கும்போது கவனித்திருக்கிறேன். கூடியிருப்பவர்களின் கண்கள் அத்தனையும் பாடிப் போகிறவன் மேல்தான். அவன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்துவிட்டால் போதும். விசில் பறக்கும், டீக்கடையில் இரண்டு நாள் பேச்சு நடக்கும். அவன் கணுக்காலைக் கவ்விக்கொண்டு மண்ணில் புரண்டவனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். முழங்கையில் உரிந்த தோலை அவனே துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோட்டைத் தாண்டுவது என்றால் என்னவென்று இந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இடையிடையே ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்ட காலம் போக, 1739 முதல் 1954 நவம்பர் வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. சில மைல் நடந்தால் வேறு ராஜ்யம். போனவன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பதுதானே சடுகுடுவின் சாரமும்?

மறிப்பது என்றால் நம்மில் பலருக்கு அரசியல் மறியல்தான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது உடம்பால் உடம்பை மறிக்கும் வித்தை. நம் ஊரில் சரித்திரம் எழுதப்படாத இந்த வித்தைக்கு, ஆண்டுவாரியாகச் சரித்திரம் வைத்திருக்கும் தேசம் ஒன்று உண்டு. அது அமெரிக்கா. அவர்களுடைய ஆட்டத்துக்கும் கால்பந்து என்றுதான் பெயர். ஆனால் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பதினொரு பேரில் ஒருவன் பந்தோடு ஓடுவான், அல்லது எறிவான். முன்வரிசையில் நிற்கும் கனத்த மனிதர்கள் எதிரிகளை மறித்து அவனுக்கு வழி செய்வார்கள். புகழ் முழுவதும் ஓடியவனுக்கு.

அந்த ஆட்டம் ரக்பியிலிருந்து பிறந்தது. ரக்பியில் பந்துக்கு முன்னால் ஓடி எதிரியை மறிப்பது குற்றம். 1879-ல் பிரின்ஸ்டன் கல்லூரிப் பிள்ளைகள் பந்து வைத்திருப்பவனுக்கு இரு பக்கமும் காவலாக ஓடினார்கள். மற்றக் கல்லூரிகள் முதலில் முணுமுணுத்தன. பிறகு தாங்களும் அதையே செய்தன. 1888-ல் மறிப்பவன் கைகளை நீட்டக் கூடாதென்று விதி வந்தது. கை போனதும் தோள் வேலை செய்தது, தோளோடு கூட்டமும் சேர்ந்தது. 1892-ல் ஹார்வர்டு அணிக்கு லோரின் டீலண்டு என்பவர் ஒரு வியூகம் வகுத்துக் கொடுத்தார். அவர் அந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை. சதுரங்கத்திலும் நெப்போலியன் யுத்தங்களிலும் பிரியமுள்ளவர். ஆட்டக்காரர்கள் இரண்டு கூட்டமாகத் தூரத்திலிருந்து ஓடி வந்து, ஆப்புப்போல ஒன்றுகூடி, எதிரணியின் ஒரே இடத்தில் போய் மோதினார்கள். அன்றைக்கு ஜெயித்தது என்னவோ எதிரணியான யேல்தான். ஆனாலும் ஆப்பு வியூகம் நாடெங்கும் பரவியது, எலும்புகள் முறிந்தன, இரண்டே வருஷத்தில் அதைத் தடை செய்தார்கள்.

அதோடு ஆபத்து நீங்கிவிடவில்லை. 1905-ஆம் வருஷத்துப் பருவம் ஒன்றில் மட்டும் மைதானத்தில் அடிபட்டுப் பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும்படி ஆயிற்று. மறு வருஷம் விதிகள் மாறின. 1910-ல் இன்னும் இரண்டு விதிகள் வந்தன. முன்வரிசையில் ஏழு பேர் நிற்க வேண்டும். மறிப்பவர்கள் கையோடு கை கோத்துக்கொள்ளக் கூடாது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆச்சரியம். நம் சடுகுடுவிலும் எதிரே நிற்பவர்கள் ஏழு பேர். ஆனால் நம்மவர்கள் கை கோக்கலாம். மூலையில் நிற்பவனும் அடுத்தவனும் கை கோத்துச் சங்கிலியாக வளைந்து வந்து மறிப்பதுதான் இங்கே பால பாடம். நம் விதி தடுப்பது வேறொன்றை: பாடுகிறவனின் வாயைப் பொத்தக் கூடாது, தொண்டையை நெரிக்கக் கூடாது. அவனைத் தோற்கடிக்கலாம், அவன் மூச்சை நிறுத்தக் கூடாது.

கை கோக்க வழியில்லாத அமெரிக்கருக்கு ஒவ்வொருவனும் தனித்தனியாகத் தேற வேண்டியதாயிற்று. பயிற்சியாளர்கள் சொல்லித் தருவது இதுதான்: குனிந்து நில், இடுப்பு தாழ்ந்திருக்கட்டும், தலை நிமிர்ந்திருக்கட்டும். முதல் அடி குட்டையாக இருக்கட்டும். நீளமாக வைத்தால் ஒற்றைக் காலில் நிற்பாய், எதிரி தள்ளிவிடுவான். மோதிய பிறகும் கால்கள் ஓயக் கூடாது. தாழ்ந்து வருகிறவனுக்கே ஜயம். கையை நீட்டக் கூடாதென்ற விதி நெடுங்காலம் இருந்ததால், தன் சட்டையைத் தானே நெஞ்சோடு பற்றி, முழங்கைகளை விரித்து மறித்தார்கள். தொழில்முறை ஆட்டத்தில் உள்ளங்கையை விரித்துக் கையை நீட்டலாமென்ற அனுமதி 1978-ல்தான் வந்தது.

1936-ல் நியூயார்க் ஃபோர்டாம் கல்லூரியின் முன்வரிசை எழுவரைக் கருங்கற்கள் ஏழு என்று பத்திரிகைகள் அழைத்தன. அவர்களில் ஒருவர் வின்ஸ் லொம்பார்டி. பின்னாளில் கிரீன்பே அணியின் பயிற்சியாளராகி, மறிக்கும் வித்தையையே அணியின் அஸ்திவாரமாக்கியவர். 1967 டிசம்பர் 31 அன்று, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரிக் குளிரில், ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருக்கும்போது அவருடைய அணி ஒரு கஜத்துக்குள் முன்னேற வேண்டியிருந்தது. ஜெர்ரி கிரேமர் என்பவர் பக்கத்து ஆளோடு சேர்ந்து எதிரியைப் பெயர்த்தார். அந்த இடுக்கில் பந்தோடு நுழைந்தவர் பார்ட் ஸ்டார். தொலைக்காட்சி அதைத் திரும்பத் திரும்பக் காட்டியது. பந்தைத் தொடாத ஒருவரின் பெயர் தேசம் முழுவதும் தெரிந்தது.

நமக்கும் அப்படி ஒரு கண் 2014-ல் புரோ கபடி தொடங்கியபோது கிடைத்தது. மூலையில் நின்று மறிப்பவரான தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன், 2016-ல் தம் நாற்பத்தொன்றாவது வயதில், பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வாங்கினார். மறிப்பவனை அலட்சியம் செய்ய முடியாது என்பதை 2018 ஜகார்த்தா இன்னும் உறைக்கச் சொன்னது. 1990 முதல் ஆசிய விளையாட்டில் ஒரு தடவைகூடத் தங்கத்தை விட்டுக் கொடுக்காத நம் ஆண்கள் அணி, அரையிறுதியில் ஈரானிடம் 18-க்கு 27 என்று தோற்றது. ஈரானியர் பிடித்தால் விடவில்லை. மறுநாள் பெண்கள் இறுதி ஆட்டத்திலும் ஈரானே ஜெயித்தது. அந்தப் பெண்களைப் பயிற்றுவித்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். 2023-ல் ஹாங்சௌவில் இரண்டு தங்கமும் நமக்கே திரும்பி வந்தன என்பது வேறு கதை.

பாடிப் போகிறவனை ஊர் கொண்டாடட்டும். அவனுக்கு அது தகும். ஆனால் அடுத்த ஆட்டம் பார்க்கையில், ஒரே ஒரு பாட்டுக்காவது அவனை விட்டுவிட்டு, மூலையில் குனிந்து நிற்பவனின் பாதங்களைப் பாருங்கள். அவன் எப்போது அடி எடுத்து வைக்கிறான் என்று தெரிந்துவிட்டால், அந்த ஆட்டத்தில் பாதி உங்களுக்குப் புரிந்துவிடும்.