தொட்டிக்குள் ஒரு நெய்தல்

செந்தூர்க் கடற்கரையில் சூரனோடு பொருத முருகன் சினம் தணிந்து அமர்ந்த குன்றே திருத்தணிகை என்பது தலமரபு. போர்க்களம் மன்னார் வளைகுடாவின் கரை. சினம் தணிந்த இடமோ கடலைக் காணாத மலை. அம்மலைக்கு அண்மையிலுள்ள கே.ஜி.கண்டிகையில் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் பவளத் தொட்டி அமைக்க எண்ணினால், முதலில் கடலையே உருவாக்கியாக வேண்டும். தூய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கலவையைக் கரைத்தால் கடல்நீர் கிடைத்துவிடும். ஆனால் அந்நீரைக் கெடாமல் காப்பதுதான் அரிது. அவ்வரிய பணியைச் செய்யவல்லது கடற்பாசி. அதன் நன்மையையும், அந்நன்மையே தீமையாகத் திரிந்த கதையையும் இக்கட்டுரையில் காண்போம்.

தொட்டியிலுள்ள மீனின் கழிவு அம்மோனியாவாகிறது. நுண்ணுயிர்கள் அதனைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் பவளம் நலியும். கடற்பாசிக்கோ அவை உரம். அவற்றை உண்டு பாசி தழைக்க, தழைத்ததை நாம் அவ்வப்போது வெட்டி அகற்ற, கழிவும் பாசியோடு வெளியேறிவிடுகிறது. வெட்டாமல் விட்டால் பாசி அழுகி, உண்ட அனைத்தையும் நீருக்கே திருப்பித் தந்துவிடும். உழவனுக்குக் களையெடுப்பு எப்படியோ, தொட்டி வளர்ப்போர்க்கு இவ்வறுவடை அப்படி.

இவ்வுண்மை அறியப்பட்ட கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1846ஆம் ஆண்டு அன்னா தைன் என்னும் பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து சில கற்பவளங்களை லண்டனிலுள்ள தம் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். நீருக்குக் காற்றூட்ட, திறந்த சாளரத்தின் அருகே பணிப்பெண் ஒருத்தி அதனைப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு தைன் தொட்டியில் கடற்பாசியையும் சேர்த்தார். ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் 1850களின் தொடக்கத்தில் இதனை முறையான சோதனைகளால் ஆராய்ந்து, தாவரமும் விலங்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சமநிலையை விளக்கினார். 1853இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் மீன் மாளிகை திறக்கப்பட்டது.

அவ்வலை நம் கரையையும் எட்டியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909இல் மெரினா கடற்கரையில் மீன்காட்சியகம் எழுந்தது. 1919இல் மீன்வளத் துறையின் பொறுப்புக்கு மாறிய அது, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது.

இனி, கதையின் மறுபக்கத்துக்கு வருவோம். காலெர்பா டாக்ஸிஃபோலியா என்பது வெப்பமண்டலக் கடல்களில் இயல்பாக வாழும் பச்சைப்பாசி. இறகு போன்ற எழிலும் விரைந்த வளர்ச்சியும் உடையது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் விலங்கியல் பூங்காவில் வளர்க்கப்பட்ட அதன் வகையொன்று, பிரான்சின் நான்சி நகர் வழியாக மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தை அடைந்தது. 1984இல் அவ்வருங்காட்சியகத்தின் அடியிலிருந்த கடலில் அப்பாசி ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் காணப்பட்டது. 1989இல் அது ஒரு ஹெக்டேர். பின்னர் மத்தியதரைக் கடலின் பல கரைகளுக்கும் பரவியது. தொட்டிப் பாசியும் கடற்பாசியும் ஒன்றே என 1998இல் மரபணு ஆய்வு காட்டியது. 2000இல் கலிபோர்னியாவின் கடற்கழி ஒன்றிலும் அதே பாசி முளைத்தது. பெரும்பொருள் செலவிட்டு, 2006இல்தான் அது அங்கே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்க முடிந்தது.

நம் கடல் மட்டும் இதற்கு விலக்கா? மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவை எடுத்துக்கொள்வோம். இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார், அத்தீவின் பாசிகளைப் பற்றிச் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் 1927இல் எழுதினார். இராமநாதபுரக் கரையின் பெண்கள் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி, கட்டக்கோரை என்று பெயரிட்டு அறிந்த செல்வம் இக்கடலுடையது. அந்நிலையில், கேராஜீனன் என்னும் கூழ்ப்பொருளுக்காக, கப்பாபைகஸ் என்னும் அயற்பாசி 1990களில் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் வளர்ப்பு பல குடும்பங்களுக்குச் சோறிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே குருசடையில் அப்பாசி உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்து மூடியிருப்பதை 2008இல் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது. தொட்டியில் பவளத்தைக் காப்பது பாசி. தீவில் பவளத்தை மூச்சடைக்கச் செய்ததும் பாசி.

முரணன்று இது. நிலத்துக்குரிய கருப்பொருளை வகுத்துரைத்த தமிழ் மரபுக்கு இது புதிதுமன்று. தொட்டியில் பாசிக்கு எல்லையுண்டு, வெட்டும் கையுண்டு. அயற்கடலில் இரண்டும் இல்லை. பசலைக்குப் பாசியை உவமை சொன்ன பரணர் அறிந்தது ஊர்க்கேணிப் பாசியைத்தான். ஆயினும், தொடும்போது விலகி விடும்போது பரவும் அதன் இயல்பைக் குறுந்தொகை 399ஆம் பாடலில் அவர் கண்டது கண்டதே. காலெர்பாவை அரைகுறையாகப் பிடுங்குவோரும் அதையே காண்கிறார்கள். துண்டு ஒன்று எஞ்சினாலும் போதும், அது மீண்டும் தழைக்கும்.

எனவே கண்டிகைத் தொட்டிக்கு நாம் பரிந்துரைப்பது கீட்டோமார்ஃபா. சிக்குண்ட நூற்பந்து போன்ற இப்பச்சைப்பாசி பாறையைப் பற்றாது. ஒரே பிடியில் அள்ளிவிடலாம். அதனைத் தனி அறையில் வைத்து இரவில் விளக்கேற்றினால், இருளில் நீரின் காரத்தன்மை சரிவதும் குறையும். கடலிலிருந்து பவளத்தை எடுக்க எண்ணவும் வேண்டா. 2001 முதல் கற்பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.

அறுத்த பாசியை என்ன செய்வது? கண்டிகையின் ஏரிநீரில் கடற்பாசி பிழைக்காது என்பது உண்மையே. ஆனால் பாசித்துண்டுகளைக் கைமாற்றிக்கொள்வது தொட்டி வளர்ப்போர் வழக்கம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து மொனாக்கோவுக்குப் போனதும் அப்படித்தான். கண்டிகையில் நண்பருக்குக் கொடுத்த ஒரு பிடி, நாளை எண்ணூர்க் கழிமுகத்தருகே ஒரு வீட்டில் இருக்கலாம். ஆகவே நண்பர்களே, மிகுந்த பாசியை வெயிலில் முற்றும் உலர்த்திய பின்னரே குப்பையில் இடுங்கள். பிறர்க்குக் கொடுப்பதாயின் இவ்வரலாற்றையும் சேர்த்தே கொடுங்கள்.