வெள்ளத்துக்கும் நிறம் உண்டு: கிளந்தான் கிராமங்களின் நினைவு

மாணவர்களே, வரலாற்றில் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய நமக்குச் சிரமம்தான். கிளந்தான் ஆற்றோரக் கிராமத்துப் பெரியவங்களுக்கு அந்தச் சிரமம் கிடையாது. அவங்க பெருவெள்ளங்களுக்குப் பெயர் வைத்திருக்காங்க. 1926 டிசம்பரில் வந்தது 'பாஹ் மேரா', அதாவது சிவப்பு வெள்ளம். செம்மண் கரைந்து வந்த தண்ணீரின் நிறமே பெயராகிவிட்டது.

'பாஹ்' என்றாலே பயம் என்று நினைத்துவிடாதீங்க. வடகிழக்குப் பருவமழையை அங்கே 'தெங்குஜூ' என்பார்கள். நவம்பர் வாக்கில் தொடங்கும். மீனவர்கள் படகைக் கரையேற்றிவிடுவாங்க. ஆறு கரை புரண்டால் பிள்ளைகள் தண்ணீரில் ஆட்டம் போடுவாங்க, திருவிழா மாதிரிதான். வெள்ளம் விட்டுப்போகும் வண்டல் நிலத்துக்கு உரம். வீடுகளும் தூண்கள் மேல்தான் நின்றன. அதாவது, வருசாவருசம் வரும் வெள்ளம் அவங்களுக்குப் பேரிடர் இல்லை, பருவம்.

பேரிடர் எது? பழைய அடையாளத்தைத் தாண்டி வருவது. 1967 ஜனவரி வெள்ளம் ஒரு தலைமுறைக்கே அளவுகோலாக நின்றது. அந்த ஆண்டு நனையாத மேடு பாதுகாப்பான மேடு. இது மூடநம்பிக்கை இல்லைங்க, அனுபவக் கணக்கு. ஆனால் 2014 டிசம்பரில் அந்தக் கணக்கு பொய்த்தது. குவாலா கிராயில் ஆற்றின் அளவைக் காட்டும் தங்கா கிராய் படித்துறையில் 25 மீட்டர்தான் அபாய மட்டம். தண்ணீர் 34 மீட்டரையும் தாண்டியது. கெமுபு ரயில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. நாடு முழுக்க இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். பழைய கோட்டை நம்பி வீட்டிலேயே இருந்தவங்க சிக்கிக்கொண்டாங்க.

இந்த வெள்ளத்துக்கு வந்த பெயர் 'பாஹ் கூனிங்', மஞ்சள் வெள்ளம். வடிந்த பிறகு வீட்டுக்குள் குவிந்து கிடந்த சேற்றைப் பார்த்தவங்க, மேட்டு நிலத்தில் காட்டை வெட்டியதைத்தான் முதலில் சுட்டிக்காட்டினாங்க. மழையும் அசாதாரணமானதுதான்; எல்லாப் பழியையும் மரம் வெட்டியவர்கள் மேல் போட முடியாது.

தேர்வுக்குப் படிப்பவங்க இந்தப் பெயர்களை வாய்மொழிச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர்கள் வகுப்பில் இப்படிக் கேட்டுப் பாருங்க: 'பாஹ் கூனிங்' என்ற பெயர் எதற்குச் சான்று, மழைக்கா மண்ணுக்கா? எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று மழைமானி சொல்லும். அந்தத் தண்ணீரோடு மலை மண்ணும் சேர்ந்து இறங்கியதைச் சொல்வது, சேற்றை வாரிக் கொட்டினவங்க வைத்த அந்தப் பெயர்தான்.