நடிகையின் சொல்லும் சொந்தக் கம்பெனியும்

தமிழ் நாடக மேடையில் பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை அரிதாகவே இருந்தது. கம்பெனி நாடகங்களில் நாயக வேடமான ராஜபார்ட்டும் ஆணுக்கே, நாயகி வேடமான ஸ்திரீபார்ட்டும் ஆணுக்கே. அதன் பிறகும், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில், குரல் உடையாத சிறுவர்கள் சேலை கட்டி நாயகிகளாக வந்தார்கள். அந்தக் காலத்தில் மேடையேறிய பெண்களில் பலர், ஆடலும் பாடலும் குலத்தொழிலாக இருந்த தேவதாசி மரபினர். அவர்களின் கலையைக் காசு கொடுத்துப் பார்த்த ஊரே, வீட்டு வாசலில் அவர்களைக் கூத்தாடி என்று ஏசியது.

இந்த நிலையில் முதலில் தலைநிமிர்ந்தவர்களில் ஒருவர் கும்பகோணம் பாலாமணி அம்மாள். பெண்களை மட்டுமே கொண்ட நாடகக் குழுவை அவர் சொந்தமாக நடத்தினார். ஆண் வேடங்களையும் அக்குழுவின் பெண்களே ஏற்றார்கள். அவருடைய நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்காக இரவில் தனி ரயில் ஓடியதையும், அந்த ரயிலுக்குப் ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே பெயர் விழுந்ததையும் நாடக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. முதலாளியும் அவரே, முதன்மை நடிகையும் அவரே என்பதால் எந்த நாடகம் போடுவது, யார் எதில் நடிப்பது என்பதை அவரே முடிவு செய்தார். ஆனால் சேர்த்த செல்வம் கடைசிவரை நிற்கவில்லை. முதுமையில் அவர் மதுரையில் வறுமைப்பட்டு இறந்தார்.

நடிகைக்கு மேடையில் பேச்சுரிமை தந்த இன்னொரு வழக்கம் ஸ்பெஷல் நாடகம். இதில் நிலையான கம்பெனி கிடையாது. காண்டிராக்டர் ஒருவர் ஓர் இரவுக்கென்று வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்களை வரவழைப்பார். வசன ஒத்திகையும் கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டும் தெரியும், மற்றதெல்லாம் மேடையில் உடனுக்குடன் பிறக்க வேண்டும். வள்ளி திருமண நாடகத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் வேலன் வந்து வம்பு பேசும் தர்க்கக் காட்சி இதன் உச்சம். வேலனாக வருபவர் ஒரு கேள்வியை வீசினால் வள்ளியாக வருபவர் அடுத்த மூச்சில் பதில் சொல்ல வேண்டும். அவர் மேல் ஸ்தாயியில் ஒரு விருத்தம் எடுத்தால் இவரும் அதே சுருதியில் எடுத்துக்காட்ட வேண்டும். வாய் அடைத்து நின்ற வள்ளிக்கு அடுத்த ஊரில் வாய்ப்பு கிடைக்காது. ஆணுக்கு எதிரே நின்று, ஆயிரம் பேர் கேட்க, சொல்லுக்குச் சொல் திருப்பித் தரும் பயிற்சியைத் தமிழ்ப் பெண்களுக்குத் தந்த தொழில் அன்று இதைத் தவிர வேறு அநேகமாக இல்லை.

நாடக மேடையில் உருவானவர் டி.பி. ராஜலட்சுமி. 1911-இல் திருவையாற்றில் பிராமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே மணம் செய்து கொடுத்தார்கள். அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. தந்தையும் இறந்தபின் தாயுடன் திருச்சிக்கு வந்து, சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அவர் பிறந்த சமூகத்தில் ஒரு பெண் அரிதாரம் பூசுவது சாதி விலக்குக்குச் சமமாகக் கருதப்பட்ட காலம் அது. நாடகத்திலிருந்து மௌனப்படங்களுக்குப் போனார். 1931 அக்டோபர் 31-ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் வெளியான ‘காளிதாஸ்’ அவரைப் பேசும் பட நாயகியாக்கியது. பம்பாயில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் நாயகன் தெலுங்கில் பேச, ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதைக்குத் தொடர்பே இல்லாத தேசியப் பாடல்களையும் பாடினார். நாடக மேடையில் காந்தியையும் கதரையும் பாடிப் பழகிய குரல் அப்படியே திரைக்கு வந்தது.

ஐந்தாண்டுகளில் அவர் அடுத்த படியில் கால் வைத்தார். ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்ற சொந்தக் கம்பெனி தொடங்கி, தான் எழுதிய ‘கமலவல்லி’ நாவலை 1936-இல் ‘மிஸ் கமலா’ என்ற படமாக்கினார். கதை, தயாரிப்பு, இயக்கம், நாயகி வேடம் நான்கும் அவருடையவை. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்ற இடம் அவருக்கு இப்படிக் கிடைத்தது. மகளுக்குக் கமலா என்றே பெயர் வைத்தார். ஆனால் சொந்தத் தயாரிப்பு அவருக்குச் சோதனையாகவும் ஆனது. தேசிய உணர்வோடு எடுத்த வேறொரு படம் தணிக்கையில் சிக்க, பெரும் பொருள் கரைந்தது. பிற்காலத்தில் வாய்ப்புகள் குறைந்து, 1964-இல் மறைந்தார்.

கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளின் வழி வேறு. வறுமையில் வளர்ந்த சிறுமி, வேலு நாயர் கம்பெனியில் தொடங்கி, இலங்கை மேடையில் நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்தார். இருவரும் மணந்தார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைப் புடவைக்கு மாறிய அவர், இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். தொழில் அதோடு முடிந்தது என்றே பலரும் நினைத்திருக்கக் கூடும். நடந்தது நேர்மாறு. 1935-இல் வெளியான ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனார் வேடத்தையே ஏற்க, அவருக்குத் தரப்பட்ட ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைய இந்தியத் திரையுலகில் எந்த நடிகரும் கேட்டிராத தொகை. பிறகு ‘மணிமேகலை’, 1953-இல் எஸ்.எஸ். வாசனின் ‘ஔவையார்’ என்று, ஜோடி தேவைப்படாத பாத்திரங்களையே அவர் ஏற்றார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் ஊக்கத்தால் அக்கட்சியின் மேடைகளில் பாடியவர், 1951-இல் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். நிபந்தனை போடும் வலு அவருக்குக் குரலிலிருந்து வந்தது. அந்தக் குரலுக்கு மாற்று ஆள் கிடையாது என்பது முதலாளிகளுக்குத் தெரியும்.

1940-களில் ஸ்டுடியோக்கள் வலுத்தன. மாதச் சம்பளமும் ஒப்பந்தமும் வந்தன. நடிகர்கள் வேறு கம்பெனிக்குப் போவதற்குத் தடைகள் விழுந்தன. செட்டுக்கு வரும் நேரம் முதல் வசனம் வரை முதலாளி சொல்வதே சட்டம். அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவர் என்று நினைவுகூரப்படுபவர் பி. பானுமதி. ஆந்திரத்தின் ஓங்கோல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, 1939-இல் ‘வர விக்ரயம்’ என்ற தெலுங்குப் படத்தில் அறிமுகமானவர். ‘மிஸ்ஸியம்மா’ படத்தின் தெலுங்கு வடிவத்தில் முதலில் நடித்தவர் அவரே. ஒருநாள் வீட்டில் வரலட்சுமி பூஜை முடித்துத் தாமதமாக வந்ததற்குத் தயாரிப்பாளர் சக்கரபாணி மன்னிப்புக் கடிதம் கேட்டார். பானுமதி மறுத்தார். எடுத்த படச்சுருள்கள் வீணாயின, நடிகை சாவித்திரி நாயகியானார், 1955-இல் வந்த படம் பெரும் வெற்றி பெற்றது. எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய ‘நாடோடி மன்னன்’ படப்பிடிப்பிலும் கருத்து மோதல் எழுந்து பானுமதி விலகினார். அவருடைய பாத்திரம் பாதியில் இறப்பதாகக் கதை மாற்றப்பட்டு, 1958-இல் படம் வெளியானது.

இந்த இரண்டு இழப்புகளும் வேறொரு நடிகையை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். பானுமதியை அவை அசைக்கவில்லை. கணவர் ராமகிருஷ்ணாவுடன் சேர்ந்து, மகன் பெயரில் பரணி பிக்சர்ஸையும் சாலிகிராமத்தில் பரணி ஸ்டுடியோவையும் அவர் ஏற்கெனவே நிறுவியிருந்தார். 1953-இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கி நடித்திருந்தார். பாட்டு, இசையமைப்பு, நகைச்சுவைக் கதை என்று ஒவ்வொன்றிலும் தனித்து நிற்க முடிந்தது. ‘அத்தகாரி கதலு’ கதைகள் அவரைத் தெலுங்கு எழுத்தாளராகவும் நிலைநாட்டின. 1966-இல் பத்மஸ்ரீயும் பின்னாளில் பத்மபூஷணும் வந்தன. 1980-களில் சென்னை அரசு இசைக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார்.

இந்த நான்கு பேருடைய வாழ்க்கையிலும் துணிச்சல் பொதுவானது. ஆனால் துணிச்சல் மட்டும் அவர்களின் சொல்லைக் காக்கவில்லை. பாலாமணிக்குச் சொந்தக் குழு இருந்தது, ராஜலட்சுமிக்குச் சொந்தக் கம்பெனி, சுந்தராம்பாளுக்கு ஈடில்லாத குரல், பானுமதிக்கு ஸ்டுடியோவும் பேனாவும். அந்தப் பிடிமானம் உள்ளவரை அவர்கள் மறுத்துப் பேச முடிந்தது. முதல் கரைந்தபோது மற்ற பெருமைகள் எவையும் பாலாமணிக்கும் ராஜலட்சுமிக்கும் கைகொடுக்கவில்லை. கூலிக்கு நடித்து, எதிர்த்துப் பேசி, மறுநாள் வேலை இழந்த நடிகைகளின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. தமிழ் மேடைக்கும் திரைக்கும் அவர்களும் உழைத்திருக்கிறார்கள். நடிகையரின் வரலாற்றை எழுத முனைவோர் தேட வேண்டிய பெயர்கள் இனி அவையே.