பம்பாய்ப் பல்லியம்: ஒரு வரலாற்று நோக்கு

மேலைநாட்டார் ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என வழங்கும் பெருங்கருவிக் குழுவைத் தமிழில் ‘சிம்பொனி’ என்றே பலரும் எழுதிவருகின்றனர். சிம்பொனி என்பது படைப்பு. அதனை இசைப்பது குழு. குழுவைக் குறிக்கப் ‘பல்லியம்’ என்னும் பழஞ்சொல் நம்மிடம் உண்டு. புறநானூற்று 64ஆம் பாடலை இயற்றிய புலவரின் பெயரே நெடும்பல்லியத்தனார். ஆதலின் இக்கட்டுரை அச்சொல்லையே ஆள்கிறது. பம்பாயில் பல்லியம் தோன்றித் தளர்ந்து மீண்டும் தோன்றியதன் காரணம் இங்கு ஆராயப்படுகிறது.

பம்பாய் சிம்பொனிப் பல்லியத்தை 1935இல் நிறுவியவர் பார்சி வயலின் கலைஞர் மெஹ்லி மேத்தா (1908-2002). அவர் 1955இல் இங்கிலாந்து சென்று மான்செஸ்டரின் ஹாலே குழுவில் சேர்ந்தார். அதன்பின் இவ்வமைப்பு தளர்ந்தது. அவர் மகன் சுபின் மேத்தா 1954இலேயே வியன்னா சென்றுவிட்டார். இவ்விருவர் புகழையே இவ்வரலாறாகக் கொள்வது வழக்கம். அது குறைநோக்கு என்பதே என் கருத்து. பல்லியம் நிற்பது நடத்துநராலன்று, பின்வரிசையில் அமர்ந்திருப்போரால்.

அப்பின்வரிசையில் கோவாக் கிறித்தவர் பலர் இருந்தனர். போர்த்துக்கீசியர் ஆட்சியில் தோன்றிய பங்குப் பள்ளிகளில் சுரக்குறிப்பைப் படித்து வாசிக்கக் கற்றவர்கள் அவர்கள். சிம்பொனி அவர்களுக்குச் சோறு போடவில்லை. விடுதிகளின் ஜாஸ் குழுக்களும் இந்தித் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களுமே போட்டன. இவர்களுள் அந்தோணி கொன்சால்வஸ் (1927-2012) தனித்துக் கருதத்தக்கவர். இவர் 1958இல் இந்திய சிம்பொனிப் பல்லியம் ஒன்றை அமைத்து, லதா மங்கேஷ்கர், மன்னா டே ஆகியோரைப் பாடவைத்து, இந்திய இராகங்களில் தாம் எழுதிய படைப்புகளை அரங்கேற்றினார். அம்முயற்சி நீடிக்கவில்லை. 1977இல் வெளிவந்த அமர் அக்பர் அந்தோணி படப்பாடலில் ஒலிக்கும் பெயர் இவருடையது. மாணவர் பியாரேலால் ஆசிரியருக்குச் செய்த வணக்கம் அது. பாடலை அறிந்தோர் பலர். பல்லியத்தை அறிந்தோர் சிலரே. பிற்காலத்தில் மின்னணு இசைக்கருவிகள் பெருகவே, ஒலிப்பதிவுக் கூட வாழ்வும் சுருங்கியது.

இங்கு மாதுங்கா, செம்பூர், தேவ்நார்ப் பகுதித் தமிழரை நினைத்துப் பார்க்கலாம். 1963இல் திறக்கப்பட்ட சண்முகானந்த அரங்கு முதலியவற்றின் வழி இவர்கள் கருநாடக இசையைப் பேணினர். ஆனால் பாடுவோர், வயலின், மிருதங்கம் என மூவர் இருந்தால் கச்சேரி நடக்கும். பல்லியத்திற்கோ எழுபது, எண்பது பேர் வேண்டும். அத்தனை பேருக்கும் மாதந்தோறும் ஊதியமும் வேண்டும். இரசிகர் ஆர்வம் மட்டும் இதற்குப் போதாது.

2006இல் தேசிய நிகழ்கலை மையம், குஷ்ரூ சன்டூக், கசாக்கிய வயலின் கலைஞர் மராட் பிசென்காலியேவ் ஆகியோர் முயற்சியால் இன்றைய இந்திய சிம்பொனிப் பல்லியத்தை நிறுவியது. கொன்சால்வஸ் இட்ட பெயரே மீண்டும் வந்தது தற்செயல் போலும். தொடக்கத்தில் கலைஞருள் பெரும்பான்மையோர் அயல்நாட்டினர். இதனைக் குறைகூறுவோர் உளர். எனினும் 2015இல் ஜாகிர் உசேனின் தபலாப் படைப்பான ‘பேஷ்கார்’ அரங்கேறியதும், 2019இல் இங்கிலாந்துப் பயணம் அமைந்ததும் இக்குழுவாலேயே. கோவாப் பங்குப் பள்ளிகள் அன்று செய்த பணியை இன்று இம்மையத்தின் இசைப்பள்ளி மேற்கொண்டுள்ளது. அங்கே சிறுவர்கள் சுரக்குறிப்பு படிக்கின்றனர்.