குறுஞ்செய்தியும் கட்டளை ஏடும்

உங்கள் கைப்பேசியில் ஒரே ஒரு சொல்லைத் தட்டி, ஒரு சேவை எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறீர்கள். சில விநாடிகளில் நீங்கள் கேட்ட விவரம் வந்து சேருகிறது. எதிர்ப்பக்கம் அமர்ந்து அதைப் படித்தவர் யார்? மனிதர் எவரும் இல்லை. ஒரு கணிப்பொறி அதைப் பெற்றது. முதற் சொல்லைப் பிரித்தெடுத்தது. அதற்குரிய வேலையைச் செய்தது. பதிலையும் எழுதி அனுப்பியது. இந்த ஏற்பாட்டிற்குச் செய்தி நுழைவாயில் என்று பெயர். 'கேட்வே' என்றே பலரும் சொல்வர். இது மூன்று தனித்தனிக் கண்டுபிடிப்புகள் சேர்ந்து உருவானது. அம்மூன்றில் ஒன்றுகூட இந்த வேலைக்காகப் பிறந்ததன்று.

முதலில் குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்வோம். 1985-ல் ஜெர்மனியின் பான் நகரில் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்னும் பொறியாளர் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, மனத்தில் தோன்றிய வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்து, எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். பெரும்பாலும் 160-க்குள் அடங்கிவிட்டன. ஜி.எஸ்.எம். கைப்பேசி முறையில், 'உனக்கு அழைப்பு வருகிறது' என்பது போன்ற குறிப்புகளைக் கொண்டு செல்லும் ஒரு சமிக்ஞைத் தடம் உண்டு. அது பெரும்பாலான நேரம் வெறுமனே கிடக்கும். அந்தக் காலியிடத்தில் செய்தியை ஏற்றி அனுப்பலாம் என்பதே திட்டம். கிடைத்த இடம் 140 பைட்டு, அதாவது 1120 பிட்டு. ஆங்கில எழுத்து ஒன்றிற்கு 7 பிட்டு போதும் என்று கொண்டால் 1120-ஐ 7-ஆல் வகுக்க 160 வருகிறது. கணக்கு எவ்வளவு எளிது பாருங்கள்!

1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் முதல் குறுஞ்செய்தியை அனுப்பினார். 'மெர்ரி கிறிஸ்மஸ்' என்ற வாழ்த்து அது. இடைவெளியையும் சேர்த்து ஆங்கிலத்தில் 15 எழுத்துகள். இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அவர் அதை அனுப்பியது ஒரு கணிப்பொறியிலிருந்து. பெற்றவரின் கைப்பேசியில் எழுத்துகளைத் தட்டிப் பதில் அனுப்ப வசதியே இல்லை. ஆக, குறுஞ்செய்தி பிறந்த நாளிலேயே அதன் ஒரு முனையில் கணிப்பொறிதான் இருந்தது.

இரண்டாவது, மோடம் என்ற கருவி. 1981-ல் அமெரிக்காவில் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட மோடம், 'ஏ', 'டி' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் கட்டளைகளைப் புரிந்துகொண்டது. 'அட்டென்ஷன்', அதாவது 'கவனி' என்ற சொல்லின் சுருக்கம் அது. வகுப்பில் ஆசிரியர் மேசையைத் தட்டிவிட்டுப் பேசத் தொடங்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசிக் கம்பிக்காகத் தோன்றிய அந்த வழக்கத்தையே ஜி.எஸ்.எம். தரவிதிகளை எழுதியவர்களும் எடுத்துக்கொண்டார்கள். வந்த செய்திகளைப் பட்டியலிடு, இந்தச் செய்தியைப் படித்துக் காட்டு, இதை அனுப்பு என்று கட்டளைகள் கூடின. இதனால் சிம் அட்டை பொருத்திய ஒரு சிறு மோடமும் சாதாரணக் கணிப்பொறியும் இருந்தால் எவரும் நுழைவாயில் அமைக்கலாம் என்ற நிலை வந்தது.

மூன்றாவது, யூனிக்ஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ல் தொடங்கிய இயக்கமுறை அது. பயனரின் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு அங்கே 'ஷெல்' என்று பெயர்; பருப்பைச் சுற்றிய ஓடு என்ற பொருளில். தோட்டத்து ரப்பர்க் குழாய்களை ஒன்றோடொன்று திருகி இணைப்பது போல நிரல்களை இணைக்க வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964-லேயே எழுதி வைத்தார். 1973-ல் கென் தாம்சன் அதை நடைமுறைக்குக் கொண்டு வந்தார். 1979-ல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் பார்ன் எழுதிய ஷெல் இடம்பெற்றது. கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் ஷெல் அதை ஒவ்வொன்றாக நிறைவேற்றும். அந்தக் கோப்பே ஷெல் ஸ்கிரிப்ட். நாம் கட்டளை ஏடு எனலாம்.

மூன்றும் சந்தித்தது எங்கே? ஃபின்லாந்தில் 1999-ல் வேலை தொடங்கிய 'கன்னெல்' என்ற இலவச நுழைவாயில் நிரல் புகழ்பெற்றது. அந்நாட்டு நரம்பிசைக் கருவியின் பெயர் அது. நம் கன்னலுக்கும் அதற்கும் உறவில்லை. இன்னும் எளியது 'எஸ்.எம்.எஸ். சர்வர் டூல்ஸ்'. இதில் வரும் ஒவ்வொரு செய்தியும் ஒரு தனிக் கோப்பாக 'உள்வரவு' அடைவில் விழும். கோப்பின் மேல்வரிகளில் அனுப்பியவர் எண்ணும் நேரமும் இருக்கும். பிறகு ஒரு வெற்று வரி. அதன் கீழே செய்தி. உடனே நாம் எழுதி வைத்த கட்டளை ஏடு கூப்பிடப்படும். ஏட்டுக்குத் தரப்படுவது இரண்டே விவரங்கள்: 'செய்தி வந்தது' என்ற குறிப்பு, கோப்பின் பெயர். பதில் அனுப்பவும் இதே வழிதான். பெறுநர் எண், வெற்று வரி, செய்தி என்று ஒரு கோப்பு எழுதி 'வெளிச்செலவு' அடைவில் போட்டால் போதும். அஞ்சல் பெட்டியில் கடிதம் போடுவதுதான்!

இவ்வளவு எளிய ஏற்பாட்டால் என்ன பயன் என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் நமிட்டெட்டே என்ற ஊரில் ஒரு கிராமப்புற மருத்துவமனை இருக்கிறது. அங்கே 2007, 2008-ஆம் ஆண்டுகளில் ஒரு மடிக்கணிப்பொறியும் மோடமும் வைத்து, தொலைவிலிருந்த ஊர்நலப் பணியாளர்களிடம் கைப்பேசிகள் கொடுத்தார்கள். அங்கு இயங்கியது ஷெல் அன்று. பிரிட்டனைச் சேர்ந்த கென் பேங்க்ஸ் 2005-ல் வெளியிட்ட 'ஃபிரண்ட்லைன் எஸ்.எம்.எஸ்.' என்ற நிரல். ஆனால் அமைப்பு இதேதான். நோயாளியைப் பற்றிச் சொல்ல நெடுந்தூரம் நடந்து வந்தவர்கள் ஒரு செய்தியில் வேலையை முடித்தார்கள்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் 'ஒரு கட்டளை முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது' என்று பொருள். வந்த செய்தியை அப்படியே ஒரு கட்டளை வரியில் ஒட்டி ஷெல்லிடம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். யாரோ ஒருவர், 'இருப்பு' என்று எழுதி, ஓர் அரைப்புள்ளி வைத்து, அதன்பின் கோப்புகளை அழிக்கும் கட்டளையையும் எழுதி அனுப்புகிறார். ஷெல் என்ன செய்யும்? இருப்பைச் சொல்லும்; பிறகு கோப்புகளையும் அழிக்கும். அதன் கண்ணுக்கு முதலாளி எழுதியதும் முகமறியாதவர் எழுதியதும் ஒன்றே. அந்த மருத்துவமனையின் குறிப்புகள் போன்றவை அக்கணிப்பொறியில் இருந்தால் நிலைமை என்னவாகும்! கோப்பின் பெயரை மட்டும் ஏட்டிடம் கொடுக்கும் முறை உயர்ந்தது என்று நான் கருதுவது இதனால்தான். செய்தி கோப்புக்குள்ளேயே கிடக்கிறது. ஏடு அதைப் படித்துப் பார்க்குமே தவிர, கட்டளையாக நிறைவேற்றாது. ஏட்டை எழுதுபவர் அதை மீண்டும் கட்டளை வரியில் கொண்டுபோய் ஒட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

இந்த எச்சரிக்கை வெறும் கற்பனையன்று. 2014 செப்டம்பர் 24 அன்று 'ஷெல்ஷாக்' என்ற குறை வெளியானது. 'பேஷ்' என்னும் ஷெல், தன் சூழல் மாறிகளில் வைக்கப்பட்ட மதிப்பின் ஒரு பகுதியையே கட்டளையாக எடுத்து ஓட்டிவிடும் என்று தெரிந்தது. அந்தக் குறை 1989 முதலே அதில் இருந்து வந்தது. கால் நூற்றாண்டு!

அனுப்பியவர் எண்ணையும் முழுதாக நம்பலாகாது. அதைப் போலியாக அமைக்க முடியும். தானாகப் பதில் சொல்லும் நுழைவாயில்கள் இரண்டு ஒன்றுக்கொன்று பதில் அனுப்பத் தொடங்கினால் பணம் தீரும்வரை ஓயமாட்டா. ஆகவே ஓர் எண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை பதில்தான் என்று ஏட்டில் வரம்பு வைப்பார்கள்.

தமிழில் எழுதுவோர்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. நம் எழுத்துகள் அந்த 7 பிட்டு அட்டவணையில் இல்லை. 16 பிட்டுக் குறியீட்டில் அனுப்பும்போது 1120-ஐ 16-ஆல் வகுக்க 70 இடங்களே கிடைக்கின்றன. அதிலும் 'கோயில்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஆறு இடம் வேண்டும்: ககரம், ஓகாரக் குறி, யகரம், இகரக் குறி, லகரம், புள்ளி. பின்னர் தரவிதிகளில் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கும் 7 பிட்டு அட்டவணைகள் சேர்க்கப்பட்டன. நுழைவாயில் வைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 16 பிட்டாக வந்த செய்தியை ஏடு வழக்கமாகப் படிக்கும் குறியீட்டுக்கு மாற்றிய பிறகே அதில் சொல்லைத் தேடச் சொல்ல வேண்டும். மாற்றாவிட்டால் 'இருப்பு' என்று தெளிவாக எழுதி அனுப்பியவருக்கும் 'புரியவில்லை' என்றே பதில் போகும்.